கயிற்றில் தொங்கிய அட்டைகள்

1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்தபின், நகரைச் செங்கல்லால் எழுப்பச் சூளைகள் புகைந்த இடம் பிரிக்பீல்ட்ஸ். பிறகு ரயில்வேத் தமிழர்கள் குடியேறினார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்குத்தான் நான் மாணவர் இதழ் அட்டைகள் வரைந்தேன்.

எங்களுக்கு வழிகாட்டியது சிங்கப்பூர் தமிழ் முரசு நாளிதழின் மாணவர் பகுதியான மாணவர் மணிமன்றம். 1950களில் அதில் தங்கள் பெயரை அச்சில் பார்த்த பிள்ளைகள் எழுத்தாளர்களாக வளர்ந்தார்கள். அதே பெயரில் மலாயாவெங்கும் மணிமன்றங்கள் என்ற அமைப்புகள் முளைத்தன. மாணவன் தன்னையே இதழில் தேடுகிறான் என்பதை அதிலிருந்து கற்றேன்.

அன்று அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி பிளாக், இயந்திரத்தில் தனி ஓட்டம். இரண்டு நிறத்துக்கு மேல் கட்டுப்படியாகாது. கறுப்போடு நீலத்தைத் தேர்ந்தேன். நம் தொடக்கப்பள்ளிச் சிறுமிகளின் பினபோர் நீலம் அல்லவா! வெள்ளைச் சட்டைக்குத் தாளின் வெண்மையே போதும். கடைக்கயிற்றில் இதழ்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தொங்கும். அதனால் பெயரை உச்சியில் பெரிதாக எழுதினேன். பக்கத்தில் சினிமா நட்சத்திரங்கள் பளபளத்தார்கள். என் அட்டையிலோ இரட்டைச் சடையும் புத்தகப்பையுமாக ஒரு தோட்டத்துச் சிறுமி.

ஒருநாள் கடைவாசலில் ஒரு பிள்ளை அவளைத் தொட்டு, “அம்மா, இது நான்!” என்றாள். இன்று கணினியில் எல்லா நிறமும் உண்டு. அட்டை வரைபவர்கள் அந்தக் குரலுக்காக வரைய வேண்டும்.