உப்பும் மூளை வீக்கமும்: பழைய வட ஆற்காட்டிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

1955ஆம் ஆண்டில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மூளைக்காய்ச்சல் கண்ட நோயாளிகள் கொண்டுவரப்பட்டனர். வட ஆற்காடு மாவட்டத்திலிருந்தும் அதனை அடுத்த ஆந்திர மாவட்டங்களிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக அடையாளம் காணப்பட்டது இவர்களிடம்தான். அப்போது மாநில எல்லைக்கு இரண்டே வயது. 1911 வரை வட ஆற்காட்டின் தலைநகராக இருந்தது சித்தூர். திருப்பதியும் அம்மாவட்டத்திற்குள்ளேயே இருந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமான பின்னரும், சித்தூரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 35 கிலோமீட்டர்தான்.

இந்நோயில் உயிருக்கு உலை வைப்பவற்றுள் ஒன்று மூளை வீக்கம். மண்டையோடு விரிந்துகொடுக்காத கூடு என்பதை 1783இலேயே எடின்பரோவின் அலெக்சாந்தர் மன்றோ சுட்டிக்காட்டியிருந்தார். அக்கூட்டினுள் மூளை வீங்கினால் அழுத்தம் உயரும். இரத்த ஓட்டம் தடைப்படும். முடிவில் மூச்சை இயக்கும் மூளைத்தண்டே நசுங்கும்.

வீங்கிய மூளையிலிருந்து நீரை வெளியேற்றும் வழியொன்று 1955க்கு 36 ஆண்டுகள் முன்பே அறியப்பட்டிருந்தது. 1919இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் லூயிஸ் வீட், பால் மெக்கிபென் ஆகிய இருவரும் பூனைகளின் இரத்த நாளத்தில் 30 விழுக்காட்டு உப்புக் கரைசலைச் செலுத்தினர். மூளை சுருங்கியது. காய்ச்சிவடித்த நீரைச் செலுத்தியபோது வீங்கியது. சித்தூர் மாவட்டத்து மாங்காயை நறுக்கி உப்பிட்டு வைத்தால் துண்டுகள் நீர்விட்டுச் சுருங்குவதற்கும் இதற்கும் அடிப்படை ஒன்றே. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பு சோடியத்தை எளிதில் கடக்கவிடுவதில்லை; நீரைக் கடக்கவிடுகிறது. ஆகவே, நீர் உப்பு மிகுந்த பக்கத்திற்கு நகர்கிறது.

எனினும் அடுத்த அரை நூற்றாண்டில் உப்பு பின்னுக்குத் தள்ளப்பட்டது. 1950களில் யூரியாவும் 1960களில் மன்னிட்டாலும் அதன் இடத்தைப் பிடித்தன. மன்னிட்டால் சிறுநீரைப் பெருக்குவது. இரத்தம் இழந்த விபத்து நோயாளியின் இரத்த அழுத்தத்தை அது மேலும் தாழ்த்திவிடக்கூடும். 1988இல் மன்னிட்டாலுக்கு இணங்காத இரு நோயாளிகளிடம் செறிவுமிக்க உப்புக் கரைசல் சிறிதளவே பயன்தந்ததை ஆஸ்திரேலிய மருத்துவர்கள் வெளியிட்டனர். அதன்பின் உப்பு மீண்டும் மருத்துவர்களின் கவனத்திற்கு வந்தது.

அது மருந்தாக நிலைபெறுவதற்கு அளவீடு தேவைப்பட்டது. இரத்தத்தில் சோடியத்தின் இயல்பான அளவு லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல். வழக்கமாக ஏற்றப்படும் 0.9 விழுக்காட்டு சலைனில் அது 154; 3 விழுக்காட்டுக் கரைசலில் 513. நெடுநாள் சோடியம் குறைந்திருந்த ஒருவருக்கு அதனை விரைந்து உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்புறைகள் சிதையலாம். கைகால், பேச்சு, விழுங்கும் திறன் ஆகியவை முடங்கலாம். இந்நோய்நிலை 1959இல் விவரிக்கப்பட்டது. விரைவான சோடியத் திருத்தத்தோடு அதற்குள்ள தொடர்பு 1980களில் உறுதிப்பட்டது. ஆகவே இச்சிகிச்சையில் சில மணி நேரத்திற்கொருமுறை இரத்தத்தைச் சோதிப்பது கட்டாயமாகிறது.

சான்றுகளும் ஒரே திசையில் செல்வதில்லை. மூளைத் தொற்றால் அழுத்தம் உயர்ந்த 57 குழந்தைகளிடம் சண்டிகரில் நடத்தி 2020இல் வெளியிடப்பட்ட ஆய்வில், 3 விழுக்காட்டு உப்புக் கரைசல் மன்னிட்டாலைவிட நன்கு அழுத்தத்தைக் குறைத்தது. தலைக்காயமுற்ற 370 பேரிடம் பிரான்சில் நடத்தி 2021இல் வெளியிடப்பட்ட ஆய்விலோ, 20 விழுக்காட்டுக் கரைசலைத் தொடர்ந்து ஏற்றியும் ஆறு மாத முடிவில் நோயாளிகளின் நிலை குறிப்பிடத்தக்க அளவு மேம்படவில்லை. அழுத்தம் குறைவதும் மனிதர் மீள்வதும் ஒன்றல்ல. நோயின் காரணம், கரைசலின் செறிவு, செலுத்தும் முறை ஆகிய மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் உப்பைப் புகழ்வதும் இகழ்வதும் பொருந்தா.

இப்பகுதியின் வரலாற்றை மருந்துகளின் வரிசையாக மட்டும் எழுத முடியாது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கியது வேலூரில். திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனம் செயல்படத் தொடங்கியது 1993இல். உப்பு மலிவானது; எந்த ஊரிலும் கிடைப்பது. அதனை ஏற்றும்போது அருகிருந்து கண்காணிக்கும் செவிலியரும், இரவிலும் இயங்கும் ஆய்வகமும், தீவிர சிகிச்சைப் படுக்கையும் அவ்வாறு கிடைப்பவை அல்ல. மூளை வீங்கிய குழந்தை அவற்றை வந்தடைய எத்தனை மணி நேரமாகிறது என்பதே, 1955இல் போலவே இன்றும், எல்லைக் கிராமங்களுக்கான கேள்வி.