ஹென்றி துப்பாக்கியின் உறுப்புகளும் காலநிர்ணயமும்

பழம் படைக்கலங்களைத் திரட்டுவோரிடத்தும் அவற்றைக் காட்சிசாலைப் பதிவேடுகளில் வருணிப்போரிடத்தும், குழலின்மேல் ஒரு தேதி பொறிக்கப்பட்டிருக்கக் கண்டவுடன் அதனையே துப்பாக்கி பிறந்த நாளாகக் கொண்டுவிடும் வழக்கம் இன்னும் முற்றாக ஒழிந்தபாடில்லை. கண்ணுக்கு முதலிற் படும் அவ்வெழுத்துச் சான்றே எல்லாவற்றிலும் வலிமை குன்றியது என்பதும், தோளில் ஊன்றும் மரக்கட்டையைக் கழற்றினாலன்றித் தோன்றாத எண்களும் உறுப்புகள் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் அமைப்புமே முதன்மையான பிரமாணங்கள் என்பதும், ஒரு துப்பாக்கிக்கு ஒரே காலம் உண்டென்னும் கொள்கையே கைவிடத்தக்கது என்பதும் இக்கட்டுரையின் துணிபு. இதனை நிறுவுதற்கு, அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் நகரில் உருவான ஹென்றி துப்பாக்கியையும், அதன் நேர் வாரிசாகிய 1866ஆம் ஆண்டு வின்செஸ்டரையும் எடுத்துக்கொள்வோம்.

பெஞ்சமின் டைலர் ஹென்றி என்பார் 1860 அக்டோபர் 16ஆம் நாள் பேடண்டு உரிமை பெற்ற இத்துப்பாக்கியை, ஆலிவர் வின்செஸ்டரின் ஆளுகையில் இருந்த நியூ ஹேவன் ஆர்ம்ஸ் கம்பெனி 1866 வரையில் ஏறத்தாழ 14,000 என்னும் தொகையளவில் செய்தது. அதில் இடப்பெற்ற தோட்டா, .44 அங்குல அளவினதான ரிம்ஃபயர் வகையைச் சார்ந்தது. அதாவது, பற்றவைக்கும் மருந்து தோட்டாவின் அடிநடுவில் தனிக் கிண்ணத்தில் அடங்காமல், செப்புக் கூட்டின் விளிம்பு மடிப்புக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். அம்மருந்து விளிம்பெங்கும் ஒரே சீராகப் பரவாதிருக்கவும் கூடுமாதலின், ஓரிடத்தில் மட்டும் தாக்கினால் தோட்டா வெடியாது போகலாம் என்றெண்ணியே போலும், ஹென்றி தம் துப்பாக்கியில் தோட்டாவைத் தாக்கும் ஊசியை இருமுனை உடையதாக்கி, விளிம்பின் எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டிலும் ஒருசேரப் படும்படி அமைத்தார். தோட்டாவின் பின்புறத்தை அடைத்து நிற்கும் தாழின் முகத்தில் காணப்படும் இந்த இரட்டைமுனை, ஆராய்ச்சியாளன் முதலில் நோக்கவேண்டிய இலட்சணம். அவ்விடத்தில் நடுவே ஒற்றை முனை இருக்குமாயின், அத்துப்பாக்கி பிற்காலத்தில் நடுவெடித் தோட்டாவுக்கென மாற்றப்பட்டது, அல்லது தாழ் வேறிடத்திலிருந்து வந்தது, அல்லது முழுவதும் நம் காலத்துப் போலிப்படி எனக் கருத நேரும்.

இனிக் குழல்மேற் பொறிப்பைக் காண்போம். ஹென்றி துப்பாக்கியில் 1860 அக்டோபர் 16 என்னும் தேதி உளது. ஆனால் துப்பாக்கிகள் சந்தைக்கு வந்தது 1862இல்தான். பின்வந்த வின்செஸ்டரில், நெல்சன் கிங் என்பார் செய்த திருத்தத்தின் பொருட்டு 1866 மார்ச் 29 என்னும் தேதியும் அதனோடு சேர்ந்தது. விந்தை யாதெனில், நடுவெடித் தோட்டாவைக் கொண்ட 1873ஆம் ஆண்டு வின்செஸ்டரின் குழலிலும் அவ்விரு தேதிகளே தொடர்ந்து பொறிக்கப்பெற்றன! பேடண்டுத் தேதி சட்டத்தின் பொருட்டு இடப்படுவது. 'இதற்கு முன்னர்ச் செய்யப்பட்டதன்று' என்பதற்கு மேல் அது யாதொன்றும் சொல்லவல்லதன்று. பொறிப்பிலுள்ள ஊர்ப்பெயர் இதனினும் சற்றுப் பயன் தரும். வின்செஸ்டர்க் குழலில் பிரிட்ஜ்போர்ட் என்றிருப்பது முற்பட்டதென்றும், நியூ ஹேவன் என்றிருப்பது தொழிற்சாலை அந்நகருக்குப் பெயர்ந்த பிற்பட்ட காலத்ததென்றும் கொள்ளலாம்.

வரிசை எண்ணே தீர்ப்பளிக்கும் என்பார் உளர். அவர்க்கு விடையாக ஒரு செய்தி கூறுவோம்: 1866ஆம் ஆண்டு வின்செஸ்டரின் எண்கள் ஒன்றிலிருந்து புதிதாகத் தொடங்காமல், ஹென்றியின் எண்கள் முடிவதற்கு முன்னரே, ஏறக்குறைய 12,500 என்னும் அளவில் அவற்றோடு கலந்தே தொடங்குகின்றன. ஆகவே 13,000ஐ ஒட்டிய எண்ணொன்றைத் தனியே கொடுத்து 'இது எவ்வகை?' என்று வினவினால், எவராலும் விடை கூற இயலாது. தொழிற்சாலை ஏடுகளை நாடலாமெனின், வயோமிங் மாநிலத்துக் கோடி நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பெறும் அவ்வேடுகள் 1866ஆம் ஆண்டு வகைக்கு 124,995 என்னும் எண்ணிலிருந்துதான் கிடைக்கின்றன. ஹென்றிக்கு ஏடே இல்லை. எனவே உறுப்புகளையன்றி வேறு சாட்சி நமக்கு வாய்க்கவில்லை.

நல்வினையாக, ஹென்றியைச் செய்தோர் ஒரே எண்ணைப் பல இடங்களிற் பொறித்தனர். குழலின் மேற்புறத்தில், பின்குறிமுள்ளுக்கும் உடற்சட்டத்துக்கும் இடையே யாவரும் காண அது இருக்கும். உடற்சட்டத்தின் கீழ்வாலில் இடப்பக்கத்தே மரக்கட்டையால் மறைக்கப்பட்டும், கட்டை குடையப்பட்ட உட்பகுதியிலும், கட்டையின் பின்முனையிலுள்ள அடித்தகட்டின் உள்முகத்திலும் அதுவே மீண்டும் வரும். வெளியெண்ணை அழித்து வேறெண் பொறிக்க முயல்வோன் உள்ளெண்களை மறந்துவிடுவதுண்டு. மறவாதவனும், உருவத்தாலும் ஆழத்தாலும் ஒத்த இலக்கங்களை மரத்தில் பழமை தோன்ற இடுவதில் பெரும்பாலும் தடுமாறுவான். ஆனால் இங்கும் ஓர் எச்சரிக்கை வேண்டும். எண் என்பது, தான் பொறிக்கப்பட்ட உறுப்புக்கு மட்டுமே சாட்சி. நான்கிடங்களில் மூன்று ஒத்து நான்காவது மாறின், அந்நான்காவது உறுப்பு வேற்றிடத்தது என்பதே பெறப்படும். துப்பாக்கி முழுவதும் பொய் என்பது பெறப்படாது.

எண் இல்லாத உறுப்புகளை அவற்றின் வடிவமே காட்டிக்கொடுக்கும். கல்வெட்டறிஞர் ஆண்டுக் குறிப்பில்லாத சாசனத்தை எழுத்தின் வடிவு கொண்டு காலம் கணிப்பதை இம்முறை ஒக்கும். மிக முற்பட்ட ஹென்றிகளுட் சில நூறு இரும்புச் சட்டம் உடையன. ஏனையவற்றின் சட்டம், பித்தளை என்று வழங்கப்பட்டாலும் உண்மையில் வெண்கலக் கலவை. முற்பட்டவற்றின் அடித்தகடு குதிப்பகுதியில் உருண்டும், பிற்பட்டவற்றினது கூர்த்தும் காணப்படும். இவை யாவற்றினும் சிறந்த சான்று குழலில் உளது. ஹென்றியில் குழலும் அதன்கீழ் அமைந்த தோட்டாக்குழாயும் ஒரே எஃகுத் துண்டில் கடைந்தெடுக்கப்பட்டவை. குழாயின் அடியில் நெடுகப் பிளவுண்டு, தோட்டாக்களை முன்முனை வழியே இடவேண்டும். கிங்கின் திருத்தத்துக்குப் பின் தோட்டாவை உடற்சட்டத்தின் வலப்பக்கத்துக் கதவு வழியே செலுத்தலாயிற்று. குழாய் பிளவு நீங்கித் தனியுறுப்பாகிக் குழலின்கீழ் மரக் கைப்பிடியும் வந்தது. ஆதலின் ஒன்றன் குழலை மற்றொன்றன் சட்டத்தில் பொருத்தி ஒப்பேற்றுவது எளிதன்று.

இவ்விடத்தில் எதிர்வாதம் ஒன்று எழும்: முற்கால உறுப்பும் பிற்கால உறுப்பும் ஒரு துப்பாக்கியிற் கலந்திருந்தால் அது வஞ்சகரின் கைவேலையே அன்றோ? அன்று. எஞ்சிய உறுப்புகளை வீணாக்காது புதிய துப்பாக்கிகளில் பயன்படுத்துவது தொழிற்சாலைகளின் இயல்பு. உடைந்த ஊசியையும் தேய்ந்த சுருள்வில்லையும் மாற்றுவது உடையவனின் இயல்பு. இத்தகைய கலப்பைக் கண்டவுடன் போலி என்று கூவும் வியாபாரிகள், பழையதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி அதன் விளிம்புகளையே அழித்துவிடும் அன்பர்களைக் காட்டிலும் குறைந்த தீங்கினர் என்று சொல்வதற்கில்லை. மாறாக, அமெரிக்க அரசாங்கம் உள்நாட்டுப் போரின்போது நேரே வாங்கிய 1,731 ஹென்றிகளுக்குரிய சி.ஜி.சி. என்னும் பரிசோதகர் முத்திரை, ஒரு குழலில் இருந்து கட்டையில் இல்லையாயின், அதனைச் சிறிது ஐயத்தோடு நோக்குவதே முறை.

உறுப்புக்குத் தனி வரலாறு உண்டென்பதற்கு ஒரு போர்க்களமே சான்று பகர்கிறது. 1876 ஜூன் 25ஆம் நாள் அமெரிக்கக் குதிரைப்படைத் தளபதி கஸ்டரின் படை அழிந்த லிட்டில் பிக்ஹார்ன் நிலப்பரப்பில் 1983இல் தீப் பரவிப் புல் எரிந்தபின், டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்ட் பாக்ஸ் ஆகியோர் 1984, 1985 ஆண்டுகளில் அகழ்ந்தாய்ந்து, கிடைத்த தோட்டாக் கூடுகளில் ஊசி பதித்த தழும்புகளை நுணுகி ஒப்பிட்டு, எக்கூடுகள் ஒரே துப்பாக்கியில் வெடித்தவை என வேறுபடுத்தினர். ஹென்றி, 1866 வின்செஸ்டர் ஆகியவற்றின் இரட்டைத் தழும்புகளும் அவற்றுள் அடங்கும். அம்முறையின் பெருமை மறுக்கற்பாலதன்று. எனினும் கூட்டின் தழும்பு அடையாளம் காட்டுவது ஊசியையேயன்றிச் சட்டத்தையன்று. பின்னொருநாள் ஊசி மாற்றப்பட்டிருந்தால், அன்று அங்கே சுட்ட துப்பாக்கியே இன்று நம் கைக்கு வந்தாலும், அந்தத் தழும்பைக்கொண்டு அதனை இனங்காண இயலாது.

ஆகவே காட்சிசாலைப் பதிவேடுகளை எழுதுவோர், 'ஹென்றி துப்பாக்கி, 1860' என்று ஒரு வரியில் முடித்துவிடாமல், சட்டம், குழல், தாழ், கட்டை, அடித்தகடு ஒவ்வொன்றிலும் காணப்பட்ட எண்ணையும் வடிவையும் தனித்தனியே குறித்து, எவ்வெண் எவ்விடத்தில் இல்லை என்பதையும் மறவாது பதிந்து வைப்பார்களாக.