பழைய ஸ்வெட்டரும் 66 கூப்பன்களும்

1941, ஜூன் 1. ஞாயிற்றுக்கிழமை காலை. பிரிட்டன் மக்கள் சாவகாசமாக ரேடியோவைத் திருப்பினார்கள். வர்த்தக அமைச்சர் ஆலிவர் லிட்டில்டன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். இன்று முதல் துணிமணிக்கும் ரேஷன்!

விஷயத்தைப் பரம ரகசியமாக வைத்திருந்தார்கள். கசிந்தால் ஒரே நாளில் கடைகள் காலியாகிவிடுமே! புதிதாகக் கூப்பன் அச்சடித்தால் குட்டு உடைந்துவிடும் என்று, உணவு ரேஷன் புத்தகத்தில் மார்ஜரினுக்கான உபரிக் கூப்பன்களையே துணிக்கும் காட்டச் சொன்னார்கள்.

ஆலைகள் ராணுவச் சீருடை தயாரிப்பில் இருந்தன. கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்துக் கொண்டிருந்தன. வேறு வழி?

ஆளுக்கு வருடத்துக்கு 66 கூப்பன். கோட்டு, வெயிஸ்ட்கோட், பேன்ட் என்று ஆண்களுக்கான ஒரு முழு 'சூட்' வாங்கினால் 26 போச்சு. ஒரு கம்பளி கவுனுக்கு 11. சரி, வீட்டிலேயே பின்னிக்கொள்ளலாம் என்றால், பின்னல் நூலுக்கும் கணக்கு உண்டு. 2 அவுன்ஸுக்கு ஒரு கூப்பன். ஒரு சால்வைக்குப் பத்து அவுன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கூப்பன் காலி!

ஆகவே, பெண்கள் அலமாரியைக் குடைந்தார்கள். முழங்கை ஓட்டையான ஸ்வெட்டர், சின்னதாகிப்போன பையனின் பனியன், கூடையின் அடியில் கிடந்த துண்டு துக்காணி நூல்கண்டுகள்... எல்லாம் வெளியே வந்தன.

ஸ்வெட்டரின் இணைப்பைப் பிரித்து நூலை உருவினால், அது சுருட்டை முடி மாதிரி நெளிந்து நெளிந்து வரும். அதை நாற்காலி முதுகில் சுற்றிச் சிட்டமாகக் கட்டி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அலசி, அடியில் ஒரு கனத்தைக் கட்டித் தொங்கவிட வேண்டும். காய்ந்ததும் நெளிவு ஓரளவு நிமிர்ந்துவிடும்.

ஆனாலும் பழசு பழசுதானே? ஓரிடத்தில் தடிமன், ஓரிடத்தில் நைந்தது, நடுவே முடிச்சுகள். வழவழப்பாகப் பின்னினால் அத்தனை குறையும் பல்லிளிக்கும். அதற்கும் ஒரு வித்தை உண்டு. ஒரு கண்ணியை முன்பக்கமாக, அடுத்ததைப் பின்பக்கமாக என்று மாற்றி மாற்றிப் போட்டால், சால்வை முழுக்க அரிசி மணி தூவிய மாதிரி மேடு பள்ளம். அந்தச் சொரசொரப்பில் நூலின் குறை கண்ணில் படாது! நூல் மெலிசா? இரண்டு இழையைச் சேர்த்துப் பின்னு. ஒரே நிறம் போதவில்லையா? பட்டை பட்டையாக நிறம் மாற்று. பற்றாக்குறையே டிசைனாகிவிடும்!

1943-ல் அரசாங்கம் 'மேக் டூ அண்ட் மெண்ட்' என்று ஒரு கையேடு வெளியிட்டது. இருப்பதை வைத்துச் சமாளி, கிழிந்தால் தைத்துக்கொள் என்று அர்த்தம். 'மிஸஸ் ஸோ-அண்ட்-ஸோ' என்ற பொம்மைப் பெண்மணி போஸ்டர்களில் வந்து வகுப்பெடுத்தார்.

ஏழை வீட்டுப் பெண்களுக்கு இது சிரிப்பை வரவழைத்திருக்காதா? தலைமுறை தலைமுறையாக அவர்கள் செய்துவந்த வேலை. அப்போதெல்லாம் அதற்குப் பெயர் வறுமை. சீமாட்டிகளும் செய்யவேண்டி வந்ததும், பெயர் தேசபக்தி!

கூப்பன் எல்லோருக்கும் சமம்தான். ஆனால், பொருளின் விலையைப் பார்த்து அது கழிக்கப்படவில்லை. பத்து வருடம் உழைக்கும் உசத்தியான கோட்டுக்கும், ஒரே குளிர்காலத்தில் பல்லைக் காட்டும் மலிவு கோட்டுக்கும் அதே எண்ணிக்கை. அலமாரி நிறையத் துணி வைத்திருந்தவர்களுக்குப் பிரித்துப் பின்ன ஏராளம் இருந்தது. ஒற்றை ஸ்வெட்டரோடு இருந்தவள் எதைப் பிரிப்பாள்? இந்த ஓட்டையை அரசாங்கமும் உணர்ந்தது. 'சி.சி.41' முத்திரையோடு, கட்டுப்படுத்தப்பட்ட விலையில் தரமான 'யுடிலிட்டி' துணிகள் வந்தது அதனால்தான்.

1945-ல் ஹிட்லர் ஒழிந்தார். கூப்பன் ஒழியவில்லை! துணி ரேஷன் முடிவுக்கு வந்தது 1949 மார்ச்சில்தான். போர் முடிந்து கிட்டத்தட்ட நாலு வருடம், வெற்றிபெற்ற நாட்டின் பெண்கள் பழைய ஸ்வெட்டரை உருவிக்கொண்டுதான் இருந்தார்கள்.