பார்க்க முடியாத காகிதம்: புதுச்சேரியில் பொய்க் குற்றச்சாட்டும் தற்காப்பும்

1716 பிப்ரவரியில் புதுச்சேரியின் தலைமைத் துபாஷி (கம்பெனியின் வணிகத் தரகர்) நயினியப்ப பிள்ளை கைதானார். பிரெஞ்சுக் கம்பெனியின் வணிகத்துக்கு எட்டாண்டுகள் தூணாக இருந்தவர். கொடுங்கோன்மை, கலகத் தூண்டல் ஆகியவை அவர்மேல் சாட்டப்பட்ட குற்றங்கள். ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது: கடைத்தெருவில் 50 கசையடி, மூன்றாண்டுச் சிறை, 8,888 வராகன் அபராதம், பிறகு நாடு கடத்தல். சொத்து பறிபோனது. 1717 ஆகஸ்டில் சிறையிலேயே இறந்தார். அதன் பிறகுதான் பிரான்சிலிருந்து தீர்ப்பு ரத்தாகி வந்தது. வழக்கை நடத்திய கவர்னர் ஏபேர் அதற்குள் பதவி இழந்திருந்தார்.

இந்த வழக்கை கவர்னரின் பேராசை, சேசு சபையாரின் பகை என்று சுருக்கிச் சொல்வது வழக்கம். இரண்டும் உண்மைதான். ஆனால் பகை எக்காலத்திலும் உண்டு. பகையைத் தண்டனையாக மாற்றிக் கொடுத்தது விசாரணை நடந்த முறை. நயினியப்பருக்குத் தமிழும் போர்த்துக்கீசியமும் தெரியும், பிரெஞ்சு தெரியாது. வழக்கின் ஏடுகளோ பிரெஞ்சில் இருந்தன. சாட்சிகள் தமிழில் சொன்னது போர்த்துக்கீசியத்துக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சுக்குப் போனது. நடுவில் நின்று மொழிபெயர்த்தவர் சேசு சபையாரின் உபதேசியார் ஒருவரின் மகன். பின்னர் மறுவிசாரணையில், எதில் கையெழுத்துப் போட்டோம் என்றே எங்களுக்குத் தெரியாது என்று சாட்சிகள் சிலர் சொன்னார்கள். சாட்சிகளைக் குற்றம் சாட்டப்பட்டவரின் எதிரில் நிறுத்தி விசாரிக்க வேண்டும் என்ற விதி 1670-ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குற்றவியல் சட்டத்திலேயே இருந்தது. சட்டம் இருந்தும் அது அவருக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் குடும்பத்தை மீட்டதும் காகிதம்தான். பிரான்சின் சேன் மாலோ துறைமுக வணிகர்கள் நயினியப்பருக்காக மனு எழுதினார்கள். மகன் குருவப்ப பிள்ளை பாரீசுக்கே போய் முறையிட்டார், ஞானஸ்நானம் பெற்றார், செவாலியே பட்டத்தோடு திரும்பி 1722-இல் தந்தையின் பதவியில் அமர்ந்தார். அதே வழக்கில் சிக்கிய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையின் மகன்தான் ஆனந்தரங்க பிள்ளை. 1736 முதல் இறக்கும்வரை நடந்ததையெல்லாம் தேதி போட்டு எழுதி வைத்தவர் இந்தக் குடும்பத்தில் வந்தவர் என்பதைத் தற்செயல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

என் வாதம் இதுதான்: பொய்க் குற்றச்சாட்டு வரும்போது நற்பெயரும் செல்வாக்கும் கைகொடுப்பதில்லை, நயினியப்பரிடம் இரண்டும் இருந்தன. தன்மேல் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதைத் தனக்குப் புரியும் மொழியில் உடனே பார்க்க முடிவதும், தன் பக்கத்துப் பதிவைக் கலையாமல் காப்பதும்தான் ஒருவரைக் காப்பாற்றும். இன்றைய சட்டம் முதலாவதைப் பெருமளவு தந்துவிட்டது. இரண்டாவதை நம்மிடமே விட்டிருக்கிறது.

இன்றைய புதுச்சேரியில் அரிக்காமேட்டை ஒட்டிய வீராம்பட்டினத்தை எடுத்துக்கொள்வோம். 2021 ஆகஸ்டில் சுருக்குமடி வலை தொடர்பாக வீராம்பட்டினம், நல்லவாடு மீனவர்களிடையே மோதல் மூண்டது. போலீசார் வானத்தை நோக்கிச் சுட்டார்கள். அந்த மோதலில் யார்மேல் தவறு என்பது இங்கே பேச்சல்ல. இப்படிப்பட்ட கூட்ட மோதல்களில் எஃப்.ஐ.ஆர். எழுதப்படும் விதத்தைத்தான் கவனிக்க வேண்டும். எதிர்த்தரப்பு ஊரில் யாருடைய பெயர் தெரியுமோ அந்தப் பெயர்கள் முதலில் ஏறும்: பஞ்சாயத்தார், படகு முதலாளி, பழைய பகையாளி. பட்டியலின் முடிவில் ‘மற்றும் பலர்’ என்று இருக்கும். அந்த இரண்டு சொற்களுக்குள் பின்னர் யாரையும் நுழைக்கலாம். அன்று விடியுமுன் கடலுக்குப் போனவரும் அதில் வரலாம். சட்டவிரோதக் கூட்டத்தில் இருந்தார் என்றாலே, கூட்டத்தின் பொது நோக்கத்துக்காக அதில் எவர் செய்த குற்றத்துக்கும் பொறுப்பு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 190-ஆம் பிரிவு. அதனால், ‘நான் எதுவும் செய்யவில்லை’ என்று சொன்னால் போதாது, அங்கே இல்லவே இல்லை என்று காட்ட வேண்டியிருக்கிறது. இந்த ஆபத்தை நீதிமன்றங்கள் அறிந்தே இருக்கின்றன. பலர்மேல் ஒரே வழக்கு வரும்போது, இரண்டு மூன்று சாட்சிகளாவது ஒருவரை முரணின்றி அடையாளம் காட்ட வேண்டும் என்ற உரைகல்லை மசால்டி வழக்கில் 1964-லேயே உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அது தீர்ப்பு நாளில் கிடைக்கும் நிவாரணம். அதற்குள் கடவுச்சீட்டுச் சரிபார்ப்பு நின்றுபோகும், வளைகுடா வேலை கைநழுவும்.

முதல் நாளிலேயே செய்யக்கூடியவை உண்டு. 2016-ஆம் ஆண்டின் யூத் பார் அசோசியேஷன் தீர்ப்பின்படி, வெளியிடத் தகாத உணர்வுநுட்பமான வழக்குகள் நீங்கலாக, எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்துக்குள் காவல் துறை இணையத்தில் ஏற்ற வேண்டும். ஏழாண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் எடுத்த எடுப்பில் கைது கூடாது, முதலில் அறிவிப்பாணை கொடுங்கள் என்றது அர்னேஷ் குமார் தீர்ப்பு (2014). புலனாய்வின்போது காவலரிடம் சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் எத்தனையோ வெற்றுத்தாள் கையெழுத்துகள் நின்றிருக்கும். கைதுக்கான காரணத்தை, கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுத்தில் தர வேண்டும் என்று மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கில் 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நயினியப்பருக்கு மறுக்கப்பட்டதைச் சட்டம் சொல்லுக்குச் சொல் தந்திருக்கிறது. கேட்டு வாங்குவதுதான் பாக்கி.

பதிவைக் காப்பது இதைவிடக் கடினம். சம்பவத்தின்போது வேறிடத்தில் இருந்தேன் என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும், அதுவும் அங்கே இருந்திருக்கவே முடியாது என்னும் அளவுக்கு. ஃபைபர் படகில் போனவருக்கு ஜி.பி.எஸ். கருவியின் தடம் இருக்கிறது, டீசல் ரசீது இருக்கிறது, ஏலத்தில் மீன் விழுந்த கணக்கு இருக்கிறது. இவற்றுள் ரசீது தொலையும், தடம் அழியும், கடை வாசல் கேமராவின் பதிவு சில நாட்களில் மேலெழுதப்படும். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யப் பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். புதிய படிவம் அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பையும் கேட்கிறது. எனவே கருவியைக் கைபடாமல் வைத்து, பதிவுகளை அழிக்க விடக்கூடாது என்று காவல் நிலையத்துக்கும் கேமரா வைத்திருப்பவருக்கும் எழுத்தில் அன்றே கொடுத்து, ஒப்புதல் பெற வேண்டும். காவல் நிலையத்துக்குள் நடந்ததற்கும் பதிவு உண்டு: 2020-இல் பரம்வீர் சிங் சைனி வழக்கில் எல்லா நிலையங்களிலும் கேமரா வைக்க உத்தரவானது.

நடைமுறையில் ஊர் செய்வது வேறு. எதிர்ப்புகார் கொடுக்கிறார்கள். இரு தரப்பிலும் வழக்கு, பிறகு சமாதானம், பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரச மனு, இரண்டும் ரத்து. ஊருக்கு அமைதி வருகிறது, அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அடித்தவனும் கடலில் இருந்தவனும் ஒரே சமரசத்தில் வெளியே வருகிறார்கள். கடலில் இருந்தவனை நிரபராதி என்று யாரும் சொல்வதில்லை, தானும் ஏதோ செய்துதான் ராஜியானான் என்றாகிறது. ஊர்ப் பஞ்சாயத்து சமரசத்தில் உட்காருமுன், சம்பந்தமே இல்லாதவர்களின் மனுவைத் தனியே பிரித்து, எஃப்.ஐ.ஆரை எப்போது ரத்து செய்யலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் பஜன்லால் தீர்ப்பு வகுத்த அடிப்படைகளில் தகுதியின்பேரில் ரத்துக் கேட்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. விடுதலையில் முடிந்த வழக்கெல்லாம் பொய் வழக்கல்ல. சாட்சி பிறழ்ந்ததாலும் புலனாய்வு சோர்ந்ததாலும் விழுந்த வழக்குகள் ஏராளம்; பெண்களும் தலித் மக்களும் கொடுத்த புகார்கள் அவற்றில் நிறைய. அவர்களை நோக்கிப் ‘பொய்ப்புகார்’ என்று வீசுவதற்கு இந்தக் கட்டுரையை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புகார் பொய் என்பதற்கும் ஆவணம் வேண்டும்.

பரிகாரத்தின் பக்கம் சட்டம் மிக மெலிந்திருக்கிறது. பொய்க் குற்றம் சாட்டுவோரைத் தண்டிக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 248-ஆம் பிரிவு இருந்தாலும், விவகாரம் நீதிமன்றத்தை எட்டிவிட்டால், பாதிக்கப்பட்டவர் தானே வழக்குத் தொடர முடியாது. அந்த நீதிமன்றம்தான் புகார் கொடுக்க வேண்டும். ஆதாரமின்றிக் கைது செய்வித்தவரிடமிருந்து மாஜிஸ்திரேட் வாங்கித் தரும் இழப்பீட்டின் உச்சவரம்பு 1,000 ரூபாய். இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994-இல் கைதானார். 50 லட்சம் இழப்பீட்டுக்கு உத்தரவு 2018-இல்தான் வந்தது. அதே ஆண்டு, தவறான வழக்குகளுக்கு அரசே ஈடு தரும் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 277-ஆம் அறிக்கையில் பரிந்துரைத்தது. அதை ஏற்று ஒரு சட்டமும் வரவில்லை.

எஞ்சியிருப்பது, கெடுநோக்கோடு குற்ற வழக்குத் தொடுத்ததற்காக இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்கு. விடுதலையான நாளிலிருந்து ஓராண்டுக்குள் போட்டாக வேண்டும். பங்குக்குக் கடலுக்குப் போகும் ஒருவர், பல ஆண்டு நீதிமன்றத்துக்கு அலைந்த பிறகு, அந்த ஓராண்டுக்குள் இன்னொரு வழக்குக்குத் துணிவாரா? புதுச்சேரி சட்டப் பணிகள் ஆணையம் இலவச வழக்கறிஞரை விடுதலையோடு நிறுத்தாமல் இந்த வழக்குக்கும் நீட்டிக்க வேண்டும், தீர்ப்பு நகலோடு காலக்கெடுவையும் தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும்.