எண்ணிப் பார்த்த ஆண்டு: 1955

1955ஆம் ஆண்டு என்றதும் மலாயா மக்களின் நினைவுக்கு வருவது அவ்வாண்டு ஜூலைத் திங்களில் நடைபெற்ற முதற் பொதுத் தேர்தலாகும். விஞ்ஞான வரலாற்றிலும் அவ்வாண்டுக்குத் தனியிடம் உண்டு. நெடுநாள் நம்பி வந்த கணக்குகளை அறிஞர்கள் மீண்டும் எண்ணிச் சரிபார்த்த ஆண்டு அது. மூன்று நிகழ்ச்சிகளை நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

முதலாவது, ஏப்ரல் திங்களில் நிகழ்ந்தது. குழந்தைகளின் கைகால்களை முடக்கும் இளம்பிள்ளை வாதம் அந்நாளில் பெற்றோரை நடுங்கச் செய்த நோய். அமெரிக்காவில் 1952இல் மட்டும் ஏறத்தாழ 58,000 பேரை அது பற்றியது. அந்நோயின் வைரஸைக் கொன்று, அதனைக் கொண்டே டாக்டர் ஜோனாஸ் சால்க் ஒரு தடுப்பு மருந்தை ஆக்கினார். ஆயினும், ஆக்கியவர் சொல்லை மட்டும் நம்பி அதனை ஊராருக்கு வழங்கிவிடவில்லை. 1954இல் ஏறத்தாழ 18 இலட்சம் பிள்ளைகள் பங்குகொண்ட பெருஞ்சோதனை நடைபெற்றது. அதன் ஒரு பகுதியில், சுமார் 2 இலட்சம் பிள்ளைகளுக்கு மருந்தும், அதே தொகைப் பிள்ளைகளுக்கு மருந்தில்லா நீர்மமும் ஊசிவழி செலுத்தப்பட்டன. எவருக்கு எது சென்றது என்பது ஊசி போட்டவருக்கும் தெரியாது. கணக்குப் பார்க்கும் பொறுப்பு டாக்டர் தாமஸ் பிரான்சிஸ் என்பாருடையது. 1955 ஏப்ரல் 12ஆம் நாள், மருந்து பயன் தருகிறது என்று மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் அவர் அறிவித்தபோது, அமெரிக்க நகரங்களில் தேவாலய மணிகள் ஒலித்தன.

அம்மகிழ்ச்சி நெடிது நிலைக்கவில்லை. ஒரு மருந்துக் கூடத்திலிருந்து வந்த சில தொகுதிகளில் வைரஸ் முற்றும் சாகாமல் உயிரோடு இருந்தது. ஏறத்தாழ 200 பேர் முடமாயினர். 10 பேர் மாண்டனர். மே திங்களில் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. சோதனை முறைகளைக் கடுமையாக்கிய பின்னரே பணி தொடர்ந்தது. சரிபார்க்கும் வேலையில் ஒரு படி தவறினாலும் எத்தகைய துன்பம் நேரும் என்பதை அந்த வசந்த காலம் உணர்த்திற்று.

இரண்டாவது, காலத்தை அளக்கும் கலையைப் பற்றியது. ஒரு நாளை 86,400 பங்காக்கினால் வருவது ஒரு விநாடி என்று மக்கள் கொண்டிருந்தனர். ஆனால் பூமி ஒரே சீராகச் சுழல்வதில்லை. சிறிது விரைவதும் சிறிது தளர்வதும் உண்டு. அளவுகோலே நீண்டும் குறுகியும் போனால் அளந்தது எப்படிச் சரியாகும்? இங்கிலாந்தில் டெடிங்டனில் உள்ள தேசியப் பௌதிக ஆய்வுக்கூடத்தில் லூயி எஸ்ஸென், ஜாக் பாரி ஆகிய இருவரும் 1955 ஜூனில் சீசியம் அணுக் கடிகாரத்தை இயக்கினர். சீசியம் அணு ஏற்கும் நுண்ணலையின் அதிர்வு எங்கும் என்றும் மாறாதது. அதனை ஆதாரமாகக் கொண்ட அக்கடிகாரம் 300 ஆண்டுகளில் ஒரு விநாடி அளவே பிழைக்கக் கூடியது. 1967இல் உலக நாடுகள் ஒன்றுகூடி, 9,192,631,770 அதிர்வுகள் கொண்டது ஒரு விநாடி என வரையறுத்தன. இன்று கப்பலுக்கும் விமானத்துக்கும் வழிகாட்டும் செயற்கைக் கோள்கள் அணுக் கடிகாரங்களைச் சுமந்தே சுற்றுகின்றன.

மூன்றாவது நிகழ்ச்சியின் நாயகர் நம் அண்டை நாட்டில் பிறந்தவர். மனித உயிரணுவினுள் குரோமோசோம் எனப்படும் நிறக்கோல்கள் உள்ளன. பெற்றோரின் இயல்புகள் பிள்ளைகளுக்கு வருவது இவற்றின் வழியாகவே. இவை எத்தனை? அமெரிக்க அறிஞர் பெயின்டர், மிகத் தெளிவான காட்சிகளில் 46 தான் கண்டதாக முதலில் எழுதினார். 1923இலோ 48 என முடிவு கூறினார். அதன்பின் முப்பது ஆண்டுகளாகப் பாடநூல்கள் 48 என்றே ஓதின. சுவீடனில் ஆய்வாளர் சிலர் 46க்கு மேல் காண முடியாமல், தங்கள் ஆய்வில்தான் குறை என்றெண்ணி அதனை நிறுத்தியும் வைத்தனர்!

ஜோ ஹின் ஜியோ ஜாவாவில் பிறந்த சீனர்; பயிர்த்தொழில் கற்றவர்; ஜப்பானியர் ஆட்சியில் சிறைமுகாமில் வாடியவர். போருக்குப் பின் ஐரோப்பா சென்று, ஸ்பெயினில் பணியாற்றிக்கொண்டே, சுவீடனின் லுண்ட் நகரில் ஆல்பர்ட் லெவான் என்பாரின் ஆய்வுக்கூடத்திலும் உழைத்தார். உயிரணுவை உப்புக் குறைந்த நீரில் ஊறவைத்து உப்பச் செய்தால், நெருங்கிக் கிடக்கும் நிறக்கோல்கள் விலகித் தனித்தனியே தெரியும். இம்முறையைச் செம்மைப்படுத்தி, 1955 டிசம்பர் 22ஆம் நாள் அவர் எண்ணிப் பார்த்தார். 46 தான் இருந்தன. மீண்டும் மீண்டும் எண்ணினார், அதே 46. மறு ஆண்டு அவரும் லெவானும் அதனை வெளியிட்டனர்.

இரண்டு எண் கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். 1959இல் பாரிஸ் நகரில் லெஜூன் குழுவினர், டவுன் குறைபாட்டுடன் பிறந்த குழந்தைகளுக்கு 47 நிறக்கோல்கள் இருப்பதைக் கண்டனர். இயல்பான தொகை 46 என்று அறிந்த பின்னரே 47 மிகுதி என்று அறிய முடிந்தது. பெற்றோர் செய்த பாவம் என்றும் குலத்தின் குற்றம் என்றும் பழி சுமந்த தாய்மார்களுக்கு, காரணம் எதுவென்று அன்றுதான் விளங்கிற்று.

சொன்னவர் யார் என்று பாராமல், சொல்லப்பட்டது மெய்யா என்று பார்க்கச் சொன்னார் வள்ளுவர். அச்சிட்ட எண்ணைவிடத் தன் கண் கண்ட எண்ணை நம்பத் துணிந்தார் ஜியோ. பாடநூலில் உள்ளதை ஒரு மாணவன் ஐயுற்றுக் கேட்கும்போது, அவனை அதட்டி உட்கார வைக்காமல், “வா, எண்ணிப் பார்ப்போம்” என்று அழைப்பதே அறிவு வளர்க்கும் வழியாகும்.