நன்றியறிவிப்பு: கல்வெட்டு முதல் சித்தியவான் தோட்டப்புறம் வரை

நன்றியறிவிப்பு என்பது ஒரு பணிக்குப் பொருளாலோ உழைப்பாலோ துணை நின்றவர்களின் பெயரை, அப்பணியோடு சேர்த்தே எழுத்தில் பதிந்து வைக்கும் முறை. நூலின் முகவுரை, ஆய்வேட்டின் நன்றியுரைப் பக்கம், கோவில் சுவர், திருவிழா அழைப்பிதழ், பள்ளி மலர் ஆகியவற்றில் இதைக் காணலாம். பேராக் மாநிலத்தின் சித்தியவான் வட்டாரத்தைப் போல ரப்பர் தோட்டங்களை ஒட்டி வளர்ந்த ஊர்களில் இம்முறைக்குத் தனிப் பெறுமதி உண்டு. தோட்டம் கைமாறி, தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகள் இடிக்கப்பட்ட இடங்களில், அங்கு வாழ்ந்த குடும்பங்களின் பெயர்கள் பொதுவெளியில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் இத்தகைய எழுத்துகளில்தான்.

கல்லும் செம்பும்

தமிழில் இதன் மிக விரிவான பழைய சான்று தஞ்சைப் பெரிய கோவில். முதலாம் இராசராசன் தன் 26-ஆம் ஆட்சியாண்டில், 1010-ஐ ஒட்டி, ஓர் ஆணை பிறப்பித்தான். தான் கொடுத்தவை, தமக்கை குந்தவை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, பிறர் கொடுத்தவை ஆகிய அனைத்தையும் விமானத்தின் கல்லில் வெட்ட வேண்டும் என்பது அந்த ஆணை. ‘பிறர் கொடுத்தவை’ என்பதை அரசன் சேர்த்தது சிறு செய்தி அன்று. கொடுத்தவர் யார், பொன் என்றால் ‘ஆடவல்லான்’ என்னும் எடைக்கல்லால் எவ்வளவு, நகை என்றால் அதில் முத்து எத்தனை என்பதெல்லாம் அக்கல்வெட்டுகளில் உள்ளன.

பொருள் கொடுத்தவர்களோடு அந்தப் பதிவு நின்றுவிடவில்லை. கோவில் பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயரும், அவர்கள் எந்தக் கோவிலிலிருந்து வந்தார்கள் என்பதும், தெருவின் எந்தச் சிறகில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பதும் கல்லில் உள்ளன. குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயரும் அங்கு உண்டு. உழைத்தவர் பெயரைக் கொடையாளர் பெயரோடு ஒரே கோவிலின் கல்லில் வைத்த இந்த முறை பிற்காலத்தில் பல இடங்களில் கைவிடப்பட்டது. அது பெரிய இழப்பு.

மலாயாவோடு நேரடித் தொடர்புள்ள சான்று ஆனைமங்கலச் செப்பேடுகள். பெரிய லெய்டன் செப்பேடுகள் என்றும் இவற்றைச் சொல்வர். கடாரத்தையும் (இன்றைய கெடா) ஸ்ரீவிசயத்தையும் ஆண்ட மாரவிசயோத்துங்கவர்மன், தன் தந்தை சூளாமணிவர்மன் பெயரால் நாகப்பட்டினத்தில் எடுத்த பௌத்த விகாரத்துக்கு இராசராசன் ஓர் ஊரை வழங்கிய செய்தி இதில் உள்ளது. விகாரம் எடுத்த அயல்நாட்டு அரசன், ஊர் வழங்கிய சோழன் ஆகிய இருவரோடு, ஏட்டைப் பொறித்த காஞ்சிபுரத்துக் கைவினைஞரும் பெயர் சுட்டப்படுகின்றனர்.

பாயிரமும் தொகைக் குறிப்பும்

நூல்களில் நன்றியறிவிப்பின் வேலையைச் சிறப்புப் பாயிரம் செய்தது. நூலாசிரியர் தன் வாயால் சொல்லாமல், அவருடைய ஆசிரியர், உடன் கற்றவர், மாணவர், உரைகாரர் போன்ற பிறர் ஒருவர் பாடிச் சேர்ப்பது மரபு. தொல்காப்பியப் பாயிரத்தைப் பாடியவர் பனம்பாரனார். நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன்னிலையில் நூல் அரங்கேறியதை அவர் பதிந்திருக்கிறார். நன்னூலின் பாயிரம், சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொண்டதால் பவணந்தி நூல் செய்தார் என்கிறது.

சங்கத் தொகை நூல்களின் குறிப்புகள் இன்னும் துல்லியமானவை. தொகுத்தவர் ஒருவர், தொகுப்பித்தவர் வேறொருவர் என்று அவை பிரித்துச் சொல்கின்றன. ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார், தொகுப்பித்தவன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. அகநானூற்றுக்கு உருத்திரசன்மரும் பாண்டியன் உக்கிரப் பெருவழுதியும். அறிவால் உதவியவரையும் பொருளால் உதவியவரையும் ஒன்றாகக் குழப்பாத இந்தத் தெளிவை இன்றைய மலர்க் குழுக்கள் கற்றுக்கொள்ளலாம். கம்பன் தன்னை ஆதரித்த சடையப்ப வள்ளலைக் காப்பியத்துக்குள்ளேயே வைத்துப் பாடினான். புலவரின் நன்றிக்குத் தமிழர் இன்றும் முதலில் காட்டும் எடுத்துக்காட்டு அதுதான்.

அச்சுக் காலம்

1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ நூலுக்குப் பின்னால் முத்துக்குளித்துறைப் பரதவர் தந்த பணம் இருந்தது. தமிழ் எழுத்தில் அச்சான நூல்களின் முதல் புரவலர்கள் அரசர்கள் அல்லர், கடலோடிகள்.

19-ஆம் நூற்றாண்டில் ‘கையொப்பம்’ வழக்கத்துக்கு வந்தது. நூல் வெளிவருமுன் விலையைத் தருவதாகப் பலரிடம் கையெழுத்து வாங்கி அந்தத் துணையில் அச்சிடும் முறை அது. இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் 1715-இல் தொடங்கி வெளியிட்ட இலியட் மொழிபெயர்ப்பும் இப்படி முன்பணம் திரட்டி வந்ததே. தமிழில் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கக் கையொப்பம் திரட்ட அலைந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் விரிவாக எழுதியிருக்கிறார். அவருடைய பதிப்புகளின் முகவுரைகளைப் படிப்பவர், எந்த ஊரில் யாரிடமிருந்து ஏட்டுப் பிரதி கிடைத்தது என்பதைப் பெயர் பெயராகக் காண்பார். ஏடு தந்தவர்களில் மடாதிபதிகளும் உண்டு, பெயர் அறியப்படாத சிற்றூர்க் கவிராயர் வீட்டாரும் உண்டு. அந்தப் பட்டியல் இல்லையென்றால் ஏடுகள் பிழைத்த வழி நமக்குத் தெரிந்திருக்காது. தமிழில் எழுதப்பட்ட நன்றியறிவிப்புகளில் மிகச் சிறந்தவை இவையே. புரவலர் துணை அடுத்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது: தமிழின் பெரிய கலைக்களஞ்சியங்களில் முன்னோடியான ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’யும் பாண்டித்துரைத் தேவரின் ஆதரவால் 1910-இல் வெளிவந்தது.

சித்தியவான் வட்டாரம்

சித்தியவான் இன்றைய மஞ்சோங் மாவட்டத்தில் உள்ளது. 1903-இல் பூச்சோவ் சீனர்கள் மெதடிஸ்ட் சபையின் துணையோடு குடியேறிய ஊர் இது. சுற்றியிருந்த ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழர். அவர்கள் வாழ்க்கை ‘செக்ரோல்’ என்னும் வருகைப் பதிவேட்டிலும் ‘பெரட்டு’ என்னும் காலை ஆள் கணக்கெடுப்பிலும் பதிவானது, ஆனால் அது கூலிக் கணக்குப் பதிவு. மனிதராக அவர்கள் பெயர் எழுதப்பட்ட இடம் கோவிலும் பள்ளியும்.

கோவிலுக்குத் தரும் கொடைக்கு வழங்கும் சொல் உபயம். பத்து நாள் திருவிழா என்றால் அழைப்பிதழில் நாள்தோறும் ஒரு வரி இருக்கும்: முதல் நாள் இன்னார் குடும்பத்தார், இரண்டாம் நாள் இன்ன தோட்டத்துப் பொதுமக்கள், மூன்றாம் நாள் லாரி ஓட்டுநர்கள், இளைஞர் மன்றம், மாதர் குழு என்று அது போகும். பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன் கோவில் மாசி மகம் போன்ற பெருவிழாக்களும் இத்தகைய உபயகாரர்களின் தோளில்தான் நிற்கின்றன. அபிஷேகக் குடத்தின் கழுத்திலும் குத்துவிளக்கின் அடித்தட்டிலும் உளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்தில் ஒரு பெயர், தகப்பன் பெயரின் முதலெழுத்து, தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகிய நான்கும் இருக்கும். விளக்கு தேய்த்துத் தேய்த்து எழுத்து மங்கும், ஆனால் விரலால் தடவினால் படிக்கலாம். இன்று எண்ணெய்ப் பனையோ வீடமைப்புத் திட்டமோ நிற்கும் இடத்தில் முன்பு எந்தத் தோட்டம் இருந்தது என்று தேடும் ஒருவருக்கு அந்த விளக்கு நல்ல ஆவணம்.

பள்ளிகளின் நிலை வேறு. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. சோகோமானா, சுங்கை வாங்கி போன்ற தோட்டப் பெயர்களைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. விடுதலைக்குப் பிறகும் பல பள்ளிகள் பகுதி உதவி பெறும் நிலையிலேயே இருந்தன. ஆசிரியர் சம்பளம் அரசுடையது, ஆனால் கட்டடச் செலவுக்கு ஊரார் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. வகுப்பறைக் கதவின் மேலும் மின்விசிறியின் மேலும் பெயர்கள் ஏறிய காரணம் இதுதான்.

இங்கு ஒரு குறை வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். தோட்டக் கோவில்களுக்குத் தொழிலாளர் தந்த சந்தா பல இடங்களில் சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. மாதந்தோறும் தவறாமல் கொடுத்தவர்கள் அவர்களே. பளிங்குப் பலகையில் ஏறியவையோ ஒரே தவணையில் பெருந்தொகை தந்த கிராணி (எழுத்தர்), கடைக்காரர், துரை (மேலாளர்) ஆகியோரின் பெயர்கள். தொழிலாளர் ‘தோட்டத்துப் பொதுமக்கள்’ என்ற இரண்டு சொல்லில் அடங்கிப் போயினர். மண் சுமந்து சமையற்கூடத்தில் நின்ற பெண்களின் பெயர் அதில்கூட இல்லை.

பலர் சேர்ந்து சிறுசிறு தொகையாகக் கொடுத்து எழுந்த பணியின் பெரிய எடுத்துக்காட்டு, 1950-களின் நடுவில் ‘தமிழ் முரசு’ நாளிதழின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறைக்காகத் தமிழரிடம் ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்கப்பட்டது, தோட்டத் தொழிலாளரும் கொடுத்தனர். அத்துறையில் பணியாற்றிய தனிநாயகம் அடிகள் முன்னின்று 1966-இல் கோலாலம்பூரில் நடத்தியதே முதல் உலகத் தமிழ் மாநாடு.

ஆய்வு எழுத்தும் புதிய விதிகளும்

ஆங்கிலத்தில் எழுதப்படும் துறைசார் கட்டுரைகளில் நன்றியறிவிப்பு இன்று விதியாகிவிட்டது. 1978-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்கள் வகுக்கத் தொடங்கிய நெறிகள் இப்போது பல துறைகளுக்குப் பரவியுள்ளன. ஆசிரியராகும் அளவுக்குப் பங்களிக்காத உதவியாளரை நன்றிப் பகுதியில் குறிக்க வேண்டும். பெயர் சொல்லுமுன் அவரது இசைவைப் பெற வேண்டும். பணம் தந்த நிறுவனத்தைக் கட்டாயம் வெளியிட வேண்டும். யார் காசில் ஆய்வு நடந்தது என்று தெரிந்தால்தான் முடிவை எப்படி எடைபோடுவது என்பது வாசகருக்குத் தெரியும். மலேசிய உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியம் பெற்றவர்கள் மானியக் குறியெண்ணோடு அதைக் குறிப்பிடுகின்றனர். அந்தக் குறியெண், ஆடவல்லான் எடைக்கல்லைப் போல, சரிபார்க்க உதவும் அடையாளம்.

தோட்டப்புற வரலாற்றை எழுதும் மாணவர்களுக்கு இவ்விதிகள் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். லயத்து வாழ்க்கையைச் சொல்லித் தந்த முதியவர்களை ‘தகவலாளர்’ என்று மட்டும் குறித்து, மேற்பார்வையாளருக்கு ஒரு பத்தி நன்றி எழுதுவது நியாயம் ஆகாது. அவர்கள் இசைந்தால், தோட்டத்தின் பெயரோடு அவர்கள் பெயரையும் எழுத வேண்டும்.

கோவில் திருப்பணியின்போது பழைய பலகைகளைக் கழற்றி எறிவது இப்போது நடக்கிறது. சித்தியவான், ஆயர் தாவார், பந்தாய் ரெமிஸ் பகுதிகளின் கோவில் நிர்வாகங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கழற்றும் முன் ஒவ்வொரு பலகையையும் விளக்கையும் குடத்தையும் படமெடுத்து, பெயரைப் படியெடுத்து, அடுத்த மலரில் அச்சிட வேண்டும். புதிதாகப் பலகை வைக்கும்போது சமைத்தவர், சுமந்தவர், காவல் இருந்தவர் பெயரையும் அதே அளவு எழுத்தில் சேர்க்க வேண்டும்.