கிரியான் வயல்களும் உலக வங்கிக் கடனும்

பாரிட் புந்தார் வட்டார நெல்வயல்களுக்கு 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட புக்கிட் மேரா நீர்த்தேக்கம் பாசனம் தருகிறது. 1970-களின் இறுதியில் கிரியான் - சுங்கை மாணிக் ஒருங்கிணைந்த வேளாண் மேம்பாட்டுத் திட்டத்திற்கு உலக வங்கி கடன் வழங்கியது.

இது இனாம் அல்ல. உலகச் சந்தையில் கடன் பத்திரங்களை விற்று வங்கி பணம் திரட்டுகிறது. திட்டத்தை நிபுணர்கள் ஆராய்ந்த பின், விவசாயியுடன் அல்ல, அரசாங்கத்துடனேயே ஒப்பந்தம் கையெழுத்தாகும். வேலை நடக்க நடக்கப் பணம் பகுதி பகுதியாக வரும். சில ஆண்டு சலுகைக் காலத்தில் வட்டி மட்டும் கட்ட வேண்டும்; அது முடிந்ததும் அசலும் வட்டியும் தவணையாகத் திரும்பும்.

வாய்க்கால் தூர்ந்து போனாலும் தவணை நிற்காது. அதைச் செலுத்துவது மக்களின் வரிப்பணம். ஆகவே, கடன் எவ்வளவு என்பதோடு, கட்டியதைப் பராமரிக்கப் போவது யார் என்றும் கேட்பது நமது உரிமை.